எல்லாரும் சுகம் என்றொரு செய்தி

1

போன கிழமை வேலையிடத்தில் லிண்டாவின்மேல் தேவையில்லாமல் சீறி விழுந்தேன். லிண்டா பல்கலைக்கழகம் முடித்து அண்மையில் எங்கள் கந்தோரில் சேர்ந்தவள். கெட்டிக்காரி, மரியாதையும் தெரிந்தவள். நான் முன்னொரு காலம் எழுதிய கொம்பியூட்டர் புரோகிராம் ஒன்றைப் படித்துத் துப்புரவாக்கும்படி அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அதில் மூன்று வரிகளைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மணி அடிக்கிறது, உங்கள் புரோகிராம் முடிந்தவனைக் கேட்டுப் பதிலை வாங்குகிறது. அதோடு வேலை சரிதானே? பிறகு எதற்காக இன்னும் யார், இன்னும் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது? இந்த மூன்று வரியையும் எடுத்துவிடலாமா?"

"அதிலே கை வையாதே" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் கோபம் வந்தால் என் ஆங்கிலம் தமிழுக்குப் பின்னால்தான் நடக்கும். சொல்லுக்குச் சொல் அப்படியே வந்து விழுந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மூன்று வரிக்கும் உரிய தொழில் காரணத்தைப் படம் கீறிக் காட்டினேன். தலையாட்டினாள். மற்றக் காரணத்தை நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதென்றால் நாவற்குழியில் தொடங்கிக் கிளாலி, வவுனியா என்று ஊர் ஊராக விளங்கப்படுத்த வேண்டும். அந்த வழியால் நடந்து வந்த உங்களுக்கு அந்த விளக்கம் வேண்டாம், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஐப்பசியும் முடியப்போகிறது. எங்கள் வீட்டில் இந்த மாதக் கடைசியில் நான் நல்ல குணத்தோடு இருப்பதில்லை.

2

நான் உரும்பிராயை விட்டுப் புறப்பட்டது எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம். கணக்கு நன்றாக வரும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ரொறொன்ரோவில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினேன், பின்னேர வகுப்புக்குப் போய்க் கொம்பியூட்டர் படித்தேன். கடைசியில் மருந்துக் கடைகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு கம்பனி என்னை வேலைக்கு எடுத்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குள் எங்கள் இயந்திரம் மாகாணத்திலுள்ள மருந்துக் கடைகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து, நாளைக்கு என்னென்ன மருந்து வேண்டும் என்று அங்குள்ள இயந்திரங்களிடம் கேட்டு முடிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தால் முடியாது. அதனால் ஒரு பெரிய புரோகிராம் தன்னிலிருந்து சின்னப் புரோகிராம்களைப் பிறப்பித்து வெளியே அனுப்பும், கடைக்கு ஒன்றாக. எங்கள் தொழிலில் பெரியதைத் தாய் என்றும் சின்னதைப் பிள்ளை என்றும் சொல்வோம். பிள்ளை போய்த் தன் கடையோடு கதைத்து, காரியத்தை முடித்து, அதோடு தானும் முடிந்துவிடும்.

தாய் அதுவரை ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படி நின்றால் மற்ற வேலையெல்லாம் கெட்டுவிடும். அவள் காதைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் போய் அதைக் கவனித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் இதை ஒரு பெரிய தத்துவம் போலப் படிப்பித்தார்கள். எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. எங்கள் அம்மா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு அதன் முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார், படலையில் யாரும் கூப்பிட்டால் போவார், சோறு பொங்கும் சத்தம் கேட்டதும் வந்துவிடுவார்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். முடிந்துபோன பிள்ளை உடனே மறைந்துவிடாது. மூச்சு நின்றுவிடும், ஆனால் அதன் பெயர் இயந்திரத்தின் இடாப்பில், அந்தப் பெயர்ப் பட்டியலில், இருக்கும். கையில் தன் கடைசிப் பதிலை வைத்துக்கொண்டிருக்கும்: நல்லபடி முடிந்தது என்றோ, முடியவில்லை, இன்ன காரணம் என்றோ. தாய் கேட்டு அதை வாங்கினால்தான் பெயர் வெட்டப்படும். கேளாவிட்டால் அது தானாக வந்து சொல்லாது, செத்தபடி இடாப்பிலேயே கிடக்கும். ஒரு பிள்ளை முடிந்தால் தாய்க்கு ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். யார் முடிந்தது என்று மணி சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் அதைப் படித்தேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. தாய் வேறு வேலையில் இருக்கும்போது மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து முடிந்துபோனால் மூன்று தரம் மணி அடிக்கும் என்றில்லை. ஒரு தரந்தான் அடிக்கும்.

3

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஐப்பசிக் கடைசியில், ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நடந்தவர்கள் நீங்கள். நான் அதை ரொறொன்ரோவில் ஒரு தமிழ்க்கடை வானொலியில், கையில் ஒரு கட்டு முருங்கைக்காயுடன் நின்று கேட்டேன்.

ஊரில் எங்கள் வீட்டில் அப்போது நாலு பேர். அம்மா, அக்கா, அக்காவின் ஒன்பது வயது மகள் நிலா, என் தம்பி ரவி. ஐயா முன்னமே காலமாகிவிட்டார், அத்தான் சவூதியில். வெளியே வா என்று ரவிக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். அவன் இரண்டு வரிக்கு மேல் பதில் எழுத மாட்டான். "அண்ணை, மழை பிந்திப்போச்சு. வெங்காயம் சரிவராது போல கிடக்கு." இவ்வளவுதான் கடிதம். உண்மையைச் சொன்னால், நானும் அவனை மனமார வரச் சொல்லவில்லை. அவன் அம்மாவோடு நிற்கிறான் என்பதால்தான் நான் இங்கே நித்திரை கொண்டேன்.

உரும்பிராயில் போன் இல்லை, தென்மராட்சியிலும் இல்லை. யாராவது கிளாலியில் வள்ளம் ஏறி, கடலேரியைக் கடந்து, வவுனியாவுக்கு வந்து, ஒரு கொம்யூனிக்கேசன் கடையிலிருந்து எடுத்தால்தான் உண்டு. நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். மகள் அபிக்கு அப்போது ஏழு வயது. போனைத் தொடக் கூடாது என்று அவளுக்குக் கட்டளை. பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கீறச் சொல்ல, அம்மா, தான், பூனை மூன்றையும் ஒரு பக்கமும், போனை மடியில் வைத்திருக்கும் என்னை மறு பக்கமும் கீறிவிட்டு வந்தாள். நான் ஊர்ப் படங்களை எடுத்து அவளுக்குக் காட்டினேன். அவள் ரவியின் படத்தில் விரலை வைத்து, "இவர்தானே அந்த மாட்டுக்காரர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சித்தப்பா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. படத்தில் மாடு பெரிதாக நின்றது, ரவி ஓரத்தில் நின்றான். நான் அவளை ஏசவில்லை, ஆனால் மனம் சுட்டது.

நாலாம் நாள் என் மனைவி வசந்தா வந்து முன்னால் நின்றாள்.

"என்னப்பா, நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் போன் அடிக்குமே? வேலைக்குப் போங்கோ. நான் வீட்டிலைதானே நிக்கிறன்."

போனேன். பதினோராம் நாள் சனிக்கிழமை காலை போன் வந்தது. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்க மனேச்சர் சின்னராசா அண்ணை. சங்கத்துக்குச் சாமான் எடுக்கப் பயண அனுமதிப் பாஸோடு இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் வவுனியாவுக்கு வந்து போவார். ஊரில் பாதிப்பேரின் செய்தி அவருடைய சட்டைப் பையில்தான் பயணம் செய்தது.

"தம்பி, நான் சின்னராசா கதைக்கிறன். கொம்மா ஆக்கள் கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கினம். யோசியாதை."

"எல்லாரும் சுகமோ அண்ணை?"

"ஓம்." கொஞ்சம் இடைவெளி விட்டார். "எல்லாரும் சுகம். பின்னாலை சனம் வரிசையிலை நிக்குது, வைக்கிறன்."

நான் போனை வைத்துவிட்டு அழுதேன். வசந்தா சாமி விளக்கை ஏற்றினாள். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் நானே எடுத்து, "எங்கட ஆக்கள் கொடிகாமத்துக்கு வந்திட்டினம், எல்லாரும் சுகம்" என்று சொன்னேன். அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

4

அம்மாவை இங்கே கூப்பிடுவது என்று முடிவெடுத்தோம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், ஒவ்வொருவரும் எங்கே, எந்த நிலையில் என்றெல்லாம் கேட்கும். இங்கே வராத பிள்ளைகளைப் பற்றி எழுதவும் வரி உண்டு. நான் அம்மாவின் விபரத்தை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு எல்லா வரியையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, "எல்லாரும் கொடிகாமம், நலம்" என்று எழுதிக் கொண்டுபோனேன்.

குடிவரவுக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"எல்லாரும் என்று ஒரு ஆள் இல்லை. ஒருவருக்கு ஒரு வரி" என்றாள்.

எனக்குப் பொல்லாத கோபம். ஊரே றோட்டில் நிற்கிறது, இவளுக்கு வரி வேண்டிக்கிடக்கிறது என்று பஸ்ஸில் வசந்தாவிடம் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மேசையில் இருந்து அக்காவுக்கு ஒரு வரி, ரவிக்கு ஒரு வரி எழுதினேன். ரவியின் வரியில் "கொடிகாமம், நலம்" என்று எழுதி, மேலே கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று கீழே கையெழுத்தும் போட்டேன். அறிவுக்கு எட்டியது என்ன என்று அந்த நேரம் நான் என்னையே கேட்டுப்பார்க்கவில்லை.

கார்த்திகை மாதம் சின்னராசா அண்ணை இரண்டாம் தரம் எடுத்தார். எனக்கு அப்போது தலை முழுவதும் படிவம். அம்மாவின் பிறப்புப் பத்திரம் வேண்டும், அடையாள அட்டை இலக்கம் வேண்டும், இரண்டும் அம்மாவிடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்பச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

"வேறை ஏதும் கேக்கக் கிடக்கோ, தம்பி?"

"இல்லை அண்ணை. பத்திரந்தான் முக்கியம், மறந்திடாதையுங்கோ."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"சரி. வைக்கிறன்" என்றார்.

5

மார்கழியில் ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் இயந்திரம் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டது. தாய்ப் புரோகிராம் அடுத்த கடைக்கு ஆள் அனுப்பப் பார்க்கிறது, இடமில்லை என்று இயந்திரம் மறுக்கிறது. மறுபடி கேட்கிறது, மறுபடியும் இடமில்லை. நேரம் இரண்டரை. நாலு மணிக்குள் கடைகளைக் கேட்டு முடிக்காவிட்டால் மறுநாள் வண்டி மருந்தில்லாமல் போகும். அதில் நீரிழிவுக்காரரின் ஊசி மருந்தும் அடக்கம். என் மேலதிகாரி வந்து என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவர் மூச்சு விடுவது என் பிடரியில் கேட்டது.

இடாப்பைத் திரையில் எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் செத்த பிள்ளைகள். எல்லாம் வேலையை முடித்தவை, எல்லாம் பதிலோடு கிடந்தன, ஒருவரும் வந்து கேட்கவில்லை. இடாப்பு அவற்றால் நிரம்பி, உயிருள்ளதற்கு இடமில்லாமல் போயிருந்தது. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. தாயை நிறுத்திவிட்டால் அநாதையான பிள்ளைகளை இயந்திரத்தின் முதற் புரோகிராம் ஏற்றுக்கொண்டு, எல்லாரையும் கேட்டுப் பெயர் வெட்டிவிடும். அதைச் செய்து, தாயைப் புதிதாகத் தொடக்கி, அன்றைய கடைகளை நாலு மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் முடித்தோம். மேலதிகாரி என் தோளில் தட்டிவிட்டு, "நாளைக்கு இது திரும்பவும் நடக்கக் கூடாது" என்றார்.

பிழையைத் தேட அதிக நேரம் எடுக்கவில்லை. என் எழுத்துத்தான். மணி அடித்தால் ஒரு பிள்ளையைக் கேள் என்று எழுதியிருந்தேன். மூன்று முடிந்து ஒரு மணி அடித்த நேரமெல்லாம் ஒன்றைக் கேட்டுவிட்டு, எல்லாம் சரியென்று என் தாய் திரும்பிப் போயிருக்கிறாள். மற்ற இரண்டும் அப்படியே கிடந்துவிட்டன. கடைகள் குறைவாக இருந்த காலத்தில் இது தெரியவில்லை. கடை கூடக் கூடச் செத்தவை சேர்ந்துவிட்டன.

திருத்தம் மூன்றே வரி. மணி அடித்தால் கேள். ஒருவர் பதில் வந்தால் வாங்கிக்கொண்டு மறுபடி கேள். கேட்பதும் பதிலுக்குக் காத்து நிற்காமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரலாம். இன்னார் முடிந்தார், இதோ அவருடைய பதில் என்று வரலாம். உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று வரலாம். அல்லது உனக்கு இனிப் பிள்ளையே இல்லை என்று வரலாம்.

முதல் வரியை எழுதினேன். இரண்டாம் வரி "இன்னும் யார்?" என்று கேட்கும் வரி. அதை எழுதும்போது கை நின்றுவிட்டது. எனக்கு வவுனியாவிலிருந்து இரண்டு தரம் மணி அடித்தது. இரண்டு தரமும் நான் ஒருவரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அம்மாவை விசாரித்தேன், அதுவும் அம்மாவின் பத்திரத்தைத்தான் விசாரித்தேன். "ஓம்" என்றதற்கும் "எல்லாரும் சுகம்" என்றதற்கும் நடுவில் அந்த மனிதர் விட்ட இடைவெளி எனக்கு அப்போதுதான் கேட்டது. "வேறை ஒண்டும் இல்லையோ" என்று அவர் இரண்டு தரம் கேட்டதும் அப்போதுதான் கேட்டது.

மூன்று வரியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். 

6

சின்னராசா அண்ணை எடுத்த கொம்யூனிக்கேசன் கடையின் இலக்கத்தை வசந்தா ஒரு கலண்டர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். நல்ல மனுசி. ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போகுமுன் அந்தக் கடைக்கு எடுத்தேன். கடையில் நின்ற பிள்ளை என் குரலைப் பழகிவிட்டாள்.

"இன்னும் வரேல்லை அண்ணா. வந்தால் நிக்கச் சொல்லுறன்."

எட்டு நாள் இதுதான் பதில். அந்த எட்டு நாளும் நாலு பெயரையும் மனதுக்குள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அக்காவாக இருக்குமோ என்று பயம் வந்தது, அடுத்த நாள் நிலாவாக இருக்குமோ என்று வந்தது. அம்மாவின் பத்திரத்தைக் கேட்டதற்குச் சின்னராசா அண்ணை ஓம் என்றதால் அம்மா இருக்கிறார் என்று ஒரு கணக்குப் போட்டேன். அப்படிக் கணக்குப் போட்ட என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை, "நிக்கிறார், குடுக்கிறன்" என்றாள்.

"அண்ணை, நான் ஒராள் ஒராளாக் கேக்கப்போறன். ஓம் இல்லையெண்டு சொல்லுங்கோ. அம்மா?"

"ஓம். சுகம்."

"அக்கா?"

"ஓம்."

"நிலா?"

"ஓம். காய்ச்சல் வந்து மாறீட்டுது."

"ரவி?"

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு ஒரு பாரத்தை இறக்கி வைப்பவர் போலக் கதைக்கத் தொடங்கினார்.

"செம்மணியாலை நடந்து வரேக்கை அவன் திரும்பிப் போனவன், தம்பி. மாட்டை அவிட்டு விடேல்லை எண்டு நினைவு வந்திட்டுது. கட்டின கயித்தோடை கிடந்து சாகப்போகுது, அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன் எண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டுப் போனவன். பிறகு காணேல்லை. உங்கட ஒழுங்கைக்குள்ளை செல் விழுந்ததெண்டு ஆரோ வந்து சொல்லிச்சினம்."

"தேடினதில்லையோ?"

"அக்கா முகாம் முகாமாத் திரிஞ்சவ. பிறகு கொம்மா மறிச்சுப்போட்டா. தேடினால் முடிவு தெரிஞ்சுபோம் எண்டு அவவுக்குப் பயம். இப்ப ஒருத்தரும் அவன்ரை பேரை எடுக்கிறேல்லை."

"எனக்கு ஏன் அண்ணை நீங்கள் சொல்லேல்லை?"

"கொம்மா என்னட்டைச் சொல்லிவிட்டது அப்பிடி. அவன் கேட்டால் சொல்லு, கேளாட்டில் சொல்லாதை. அந்நிய ஊரிலை தூர இருக்கிறவன் எண்டு. நான் ரெண்டாந்தரம் உன்னட்டைக் கேட்டும் பாத்தனான்."

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. கெட்ட செய்தியைத் தூரத்தில் இருப்பவனுக்கு வலியப் போய்ச் சொல்ல மாட்டார்கள். அவன் பெயர் சொல்லிக் கேட்டால் மறைக்கவும் மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? நானே எத்தனை வீட்டுக்கு அப்படி நல்ல செய்தியை மட்டும் காவிக்கொண்டு போயிருக்கிறேன். தெரிந்துகொண்டும் கேளாமல் விட்டேன். கேட்டால் என்ன வருமோ என்று உள்ளுக்குள் பயந்துதான் கேளாமல் விட்டேனோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இருக்கலாம்.

"அண்ணை, தேடுங்கோ. வடமராட்சி, தென்மராட்சி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் மடம், ஒண்டும் விடாதேங்கோ. பேரைச் சொல்லித் தேடுங்கோ. நான் கேட்டனான் எண்டு அம்மாவுக்கும் சொல்லுங்கோ."

"முடிவு பிழையா வந்தால்?"

"வந்தாலும் எனக்குச் சொல்லுங்கோ."

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அந்த இரண்டாவது பதிலோடு இருந்தேன்: உனக்கு ஒருவன் இருக்கிறான், ஆனால் இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் புரோகிராம் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், அபியின் பள்ளிக்கூடத்தில் நத்தார் விழாப் பாட்டுக்குக் கைதட்டினேன். யாராவது எப்படி இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் வாய் தன்பாட்டில் நல்ல சுகம் என்றது. அதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

7

ரவி உயிரோடு இருந்தான். சின்னராசா அண்ணை சைக்கிளில் வடமராட்சிக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையில் அவனைக் கண்டுபிடித்தார். மாட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது காலில் செல் துண்டு பட்டிருக்கிறது. யாரோ ஒரு உழவு மெசினில் தூக்கிப் போட்டு, கொடிகாமச் சந்தி வழியாகத்தான் அவனைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அம்மா இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து சந்திக்கு ஒரு மைல்கூட இல்லை. அவனுக்கு அப்போது நினைவில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நினைவு வந்தபிறகு அவன் அம்மா ஆட்களைத் தேடி மூன்று பேரிடம் சொல்லி அனுப்பினானாம். மூன்று பேரும் எந்தப் பக்கம் போனார்களோ தெரியாது. பிறகு, அம்மா ஆட்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவில்லைப் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அவனும் கேட்பதை விட்டுவிட்டான். ஒன்றரை மாதத்துக்கு மேலாக இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் செத்தவராக வைத்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

தை மாதக் கடைசியில் சின்னராசா அண்ணை எப்படியோ பாஸ் எடுத்து, அம்மாவையும் ரவியையும் வைத்தியத்துக்கென்று வவுனியாவுக்குக் கூட்டிவந்தார். காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. அம்மாவின் குரலைக் கேட்டு எத்தனையோ வருடம்.

"மோனை, சாப்பிட்டியே?"

சாப்பிட்டேன் என்றேன். குளிர் எப்படி, பிள்ளை எப்படி என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அபியிடம் போனைக் கொடுத்தேன். அவள் "ஹலோ" என்றாள், அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை, திருப்பித் தந்தாள். எனக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த கோபம் வந்துவிட்டது. பெற்ற தாயோடு அப்படிக் கதைத்திருக்கக் கூடாது.

"ஏனம்மா எனக்கு மறைச்சனீங்கள்? நான் ஒரு பிறத்தியானே? அண்டைக்கே சொல்லியிருந்தால் அண்டைக்கே தேடியிருக்கலாமெல்லே?"

 அம்மா கோபிக்கவில்லை.

"மறைக்கேல்லை மோனை. கேட்டால் சொல்லு எண்டுதானே விட்டனான். சின்னராசா முதல்தரம் போயிட்டு வரேக்கை நான் பள்ளிக்கூட வாசலிலை நிண்டு கேட்டது, அவன் ரவியைக் கேட்டவனோ எண்டுதான். இல்லையெண்டான். அவசரத்திலை மறந்திருப்பாய் எண்டு நினைச்சன். ரெண்டாந்தரமும் வந்து இல்லையெண்டான். என்ரை பத்திரத்தைக் கேட்டதெண்டான்."

போனில் வவுனியாத் தெருவின் சத்தம் கேட்டது. யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அண்டைக்குத்தான் மோனை நான் அழுதனான். அதுவரைக்கும் அழேல்லை. நீயும் அவன்ரை பேரை விட்டிட்டாய் எண்டால், அவன் உண்மையாப் போயிட்டான் எண்டு நினைச்சன்."

 வேலை, படிவம், இயந்திரம் என்று என்னிடம் காரணம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "பிழைதானம்மா" என்றேன். அது அவருக்குக் கேட்டதோ தெரியாது. பின்னால் நிற்கும் சனத்துக்கு இடம் விட வேண்டும் என்று சொல்லிப் போனை ரவியிடம் கொடுத்துவிட்டார்.

"அண்ணை" என்றான்.

சுகமோ என்று கேட்கத்தான் வாய் முதலில் போனது. அதை விழுங்கினேன்.

"ரவி, கால் நோகுதோ?"

அவன் யோசித்தான். யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லைப் போலும்.

"ஓம் அண்ணை" என்றான். "சரியா நோகுது."

"எந்த இடம்?" என்று கேட்டேன். அவன் சொல்லத் தொடங்கினான்.